பை கட்டிய தைலமரம்

மேலப்பட்டு
2.6.1987

அன்புத் தம்பி செழியனுக்கு அக்கா ராஜாம்பாள் எழுதுவது. நீ சுகமாகத்தான் இருப்பாய். நாலு நாள் ஏணி மேல் நின்று வெயில் குடித்ததற்குக் காய்ச்சல் வந்திருந்தால் இந்நேரம் தந்தி வந்திருக்கும். இங்கே உன் மாமா, கோகிலா, நான், கறவை மாடு எல்லாரும் சௌக்கியம்.

நீ மலைக்கு ஏறிய பிறகு ஊரில் ஒரே சிரிப்பு. என் தம்பி விவசாயப் படிப்புப் படித்தவன், காகித ஆலைக்காரன் வெள்ளிமலையில் வைத்திருக்கிற மரப் பண்ணையில் ஆபீசர் என்று நான் இத்தனை நாள் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னடா என்றால் நம் ஊர் விலக்கு ரோட்டில் நிற்கிற தைலமரத்தில் ஏணியைச் சாய்த்து, மொட்டு மொட்டாய்க் கிள்ளி, பிரஷ்ஷால் தடவி, கிளை கிளையாய் வெள்ளைத் துணிப் பை மாட்டிக்கொண்டிருந்தாய். உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடைக்காரர் என்னையே கேட்டார்: "இன்னா ராஜாம்பா, ஒந்தம்பி மரத்துக்கு முக்காடு போட்டுக்கினு கீறான்?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உன் மாமாதான் பதில் சொன்னார்: "ஒண்ணுமில்லபா, எம்மச்சான் மரத்துக்கு மாப்ள பாத்துக்கினு கீறான்."

மரத்துக்கு மாப்பிள்ளை பார்க்கத் தெரிந்த உனக்கு, வீட்டில் ஒரு பெண் நிற்பது கண்ணில் படவில்லை. கோகிலா பிளஸ் டூ முடித்துவிட்டாள். அக்கா பெண்ணைத் தாய்மாமன் கட்டுவது நம் ஊரில் இன்றைக்கு வந்த வழக்கமில்லை. தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று உன்னைக் கேட்டேன். நீ குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னாய். உப்பு சரியாகத்தான் இருந்தது. இந்தக் கடிதத்துக்காவது கேட்டதற்குப் பதில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மலைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

உன் அக்கா
ராஜாம்பாள்


வெள்ளிமலை
14.6.1987

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். நீங்கள் எல்லாரும் நலம் என்று நீயே எழுதிவிட்டாய், அதனால் கேட்கவில்லை. மாட்டைக் கேட்டதாகச் சொல்.

உன் ஊர்க்காரர்கள் சிரித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பஸ் வரும் வரை நிற்பதுதான் அவர்கள் வாழ்நாளில் செய்கிற ஒரே வேலை. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? எங்கள் மேனேஜர் முன்னால் ஒரு மரத்தையும் ஒரு கரண்ட் கம்பத்தையும் நிறுத்தினால் எதில் இலை இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்வார். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில்தான் நான் இருக்கிறேன்.

உனக்குப் புரியாது, இருந்தாலும் எழுதுகிறேன். மலை மேல் எங்கள் பண்ணையில் இருக்கிற தைலமரம் வேகமாகப் பருக்கும். ஆனால் கீழே கொண்டுபோய் வைத்தால் ஒரு கோடை தாங்காது. உங்கள் விலக்கு ரோட்டு மரம் ஒரு சொட்டுத் தண்ணீர் யாரும் ஊற்றாமல், லாரிப் புகையில், கம்பு மாதிரி நேராக வளர்ந்திருக்கிறது. அந்தமாதிரி மரம் நான் தேடியவரையில் வேறு இல்லை. அதன் பூவில் மலை மரத்து மகரந்தத் தூளைத் தடவியிருக்கிறேன். தேனீ வேறு தூளைக் கொண்டுவந்துவிடாமல் இருக்கவும், காய் வெடித்தால் விதை கொட்டாமல் இருக்கவும்தான் பை. விதை பொடி மாதிரி இருக்கும், காற்றடித்தால் போச்சு. கார்த்திகையில் காய் முற்றும். அந்தக் கன்றுகள் நான் நினைக்கிறபடி வந்தால் பத்து வருஷத்தில் வெட்டுகிற மரத்தை ஆறு வருஷத்தில் வெட்டலாம். அதற்குப் பிறகு இந்த மேனேஜர் நாற்காலியில் யார் உட்காருவார் என்று பார்.

நீ கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மரத்தில் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால் கன்று சவலையாக வரும். அந்நியத்தில் சேர்த்தால்தான் வீரியம். இது விஞ்ஞானம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பைகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள். சுப்புராயன் மாமாவுக்கு வணக்கம்.

செழியன்


மேலப்பட்டு
28.6.1987

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். எல்லாரும் சௌக்கியம். மாடும் உன்னைக் கேட்டதாகச் சொன்னது. உங்கள் இருவருக்கும் பேச நிறைய இருக்கும்.

சொந்தத்தில் கட்டினால் சவலை என்று எழுதியிருக்கிறாய். நம் அம்மாவைக் கட்டியவர் யார்? அவளுடைய சொந்தத் தாய்மாமன். அந்த விஞ்ஞானப்படி நீயும் நானும் சவலை. நான் இல்லை. இன்றைக்கும் ஒரு மூட்டை நெல்லைத் தூக்கிக் கட்டைவண்டியில் போடுவேன். உன்னைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. தைலமரத்தைச் சாட்சிக்கு இழுக்காதே.

கோகிலாவுக்கு விவசாயக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. மார்க் கொஞ்சம் இடித்துவிட்டது. அவள் வாத்தியார், "இன்னும் கொஞ்சம் எட்டியிருந்தா ஏறியிருப்பாம்மா" என்று சொன்னார். உன் மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. கட்டிக்கொடுக்கிற பெண்தானே.

உன் மரத்துச் சங்கதி ஒன்று. மூன்றாம் வீட்டு இருசம்மாளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகக் குழந்தை இல்லை, உனக்குத் தெரியும். நீ கட்டின பைகளைத் தொட்டில் என்று நினைத்துக்கொண்டு, குழந்தை வேண்டி அவளும் ஒரு மஞ்சள் துணியில் தொட்டில் கட்டிவிட்டாள். எட்டுகிற கிளையில்தான் கட்டியிருக்கிறாள், உன் பைகளைத் தொடவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மழை வந்தால் தானாக அவிழ்ந்துவிடும்.

பதில் எழுது. கேட்டதற்குப் பதில்.

உன் அக்கா
ராஜாம்பாள்


வெள்ளிமலை
20.7.1987

அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல். மலையில் சாரல் பிடித்துவிட்டது. தபால் கொண்டுவருகிற பஸ் இரண்டு தடவை பாதி மலையில் நின்று போனதால் உன் கடிதம் ஊறிப்போய்த்தான் வந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது, என் துரதிர்ஷ்டம்.

இருசம்மாளுக்குக் குழந்தை வேண்டுமென்றால் அவள் புருஷனைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாதி. அதற்குத் தமிழே தெரியாது, வேண்டுதல் எங்கே தெரியப் போகிறது? காகிதம் செய்ய வந்த மரத்திடம் பிள்ளை கேட்கிற ஊரில் நீ என்னை மாப்பிள்ளையாக வந்து உட்காரச் சொல்கிறாய்.

உடனே போய் அந்த மஞ்சள் துணியை அவிழ்த்துப் போடு. இவர்களுக்கு ஒரு துணி போதாது. ஒன்றைப் பார்த்து ஒன்பது பேர் கட்டுவார்கள். கிளை ஒடிந்தால் என் ஒரு வருஷ வேலை போய்விடும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

கோகிலாவுக்கு இடம் கிடைக்காதது நல்லதுதான். விவசாயக் கல்லூரியில் பெண்கள் படித்து என்ன செய்வார்கள்? என்னை மாதிரி ஏணி ஏறப் போகிறார்களா?

செழியன்


மேலப்பட்டு
11.8.1987

தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உன் மரம் ரொம்ப நலம்.

இருசம்மாள் முழுகாமல் இருக்கிறாள். சொன்னால் நம்ப மாட்டாய், நானும் முதலில் நம்பவில்லை. நர்சம்மா வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஊரைக் கேட்கவா வேண்டும்? தியாகதுருகத்திலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். கீழ்க்கிளையில் ஒரே தொட்டில் மயம். அடிமரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துத் "தைலாயி" என்று பேர் வைத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் கற்பூரம் வாங்கி வைத்து விற்கிறார். முக்காடு என்று சிரித்த அதே ஆள்தான். உன் பைகளை மட்டும் ஒருவரும் தொடுவதில்லை. முதன்முதலில் கட்டினது என்று அதற்குத் தனி மரியாதை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் குதிப்பாய். பெண்கள் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஒந்தம்பி இன்னாத்துக்குக்கா இத்தினி பை கட்டிக்கீறாரு? கண்ணாலமே ஆவலியே, புள்ளைக்கு இருக்காதே?" என்று கேட்டார்கள். தூள், தேனீ என்று நீ எழுதினதையெல்லாம் என்னால் சொல்ல முடியுமா? "எம்பொண்ண கட்டிக்கணும்னு வேண்டிக்கினு கட்டிக்கீறான்" என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ரொம்ப சந்தோஷம். கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து மாலையும் கழுத்துமாக நின்றுதான் பையை அவிழ்க்க வேண்டும் என்று முறையும் சொல்லிவிட்டார்கள். நீ பதில் எழுதாமல் இருந்தால் நான் எனக்குத் தோன்றியதைத்தான் சொல்வேன்.

உன் மாமா இட ஒதுக்கீட்டுப் போராட்டக் கூட்டங்களுக்குப் போய்வருகிறார். அடுத்த மாதம் ஒரு வாரம் ரோட்டை மறிக்கப் போகிறார்களாம். வயல் வேலையைப் போட்டுவிட்டுப் போகிறாரே என்று நான் சத்தம் போட்டேன். "ஏங்குட்டிக்கு எடம் கெடைக்கலியே, அத்த யாருகிட்ட போயி கேக்கறது? ரோட்லதான் குந்தணும்" என்றார்.

உன் அக்கா
ராஜாம்பாள்


மேலப்பட்டு
20.8.1987

அன்புள்ள மாமாவுக்குக் கோகிலவாணி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. தயவுசெய்து அம்மாவுக்கு எழுதும்போது இதைப் பற்றி எழுத வேண்டாம்.

உங்களுக்கு என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் இப்போது கல்யாணத்தில் விருப்பம் இல்லை. மார்ச் மாதம் மறுபடி பரீட்சை எழுதி மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம் என்று வாத்தியார் சொல்கிறார். நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டார்கள், அடிப்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். "எனக்கு வேண்டாம், கோகிலா படிக்கட்டும்" என்று ஒரே ஒரு வரி நேராக எழுதிவிடுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நீங்கள் பை கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். மொட்டின் மூடியை எப்படிக் கழற்றுவது, எந்தக் கிளைக்கு எந்த எண் என்று நீங்கள் சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதிலிருந்துதான் எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை அதிகமானது. பைகளைத் தினமும் பார்த்துவருகிறேன். எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

உங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்
கோகிலவாணி


வெள்ளிமலை
5.9.1987

அக்காவுக்கு, நலம். கடிதத்தைக் கூட்டம் போட்டுப் படிக்காமல் தனியாகப் படி.

என் பேரில் வேண்டுதல் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நான் செய்தது ஆராய்ச்சி. நீ அதைக் கற்பூரக் கடையாக ஆக்கிவிட்டாய். இருசம்மாள் கர்ப்பத்துக்குத் தைலமரம் காரணம் என்றால், அவள் புருஷனை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

மாமாவின் போராட்டத்தைப் பற்றி இங்கே பேப்பரில் பார்த்தேன். மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு வேலை கேட்கப் போகிறார்களாம். வேலைக்குத் தகுதியான ஆட்கள்தான். படித்தால் இடம் கிடைக்கும். படிக்காதவன் ரோட்டில்தான் உட்கார வேண்டும். அவருக்கு ரோட்டில் உட்கார்ந்து பழக்கம் இல்லை என்றால் விலக்கு ரோட்டில் ஒரு மாதம் பயிற்சி எடுத்துக்கொள்ளட்டும், அங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் கூட்டத்தில் எவனாவது என் மரத்தில் கோடாலி வைத்தால், அது மாமாவாகவே இருந்தாலும், நான் போலீசில் பேர் எழுதிக் கொடுக்கத் தயங்க மாட்டேன். இதை அவரிடம் அப்படியே சொல்.

கல்யாண விஷயம் இப்போது பேச வேண்டாம். கோகிலாவிடமும் ஒன்றும் பேச வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது.

செழியன்


மேலப்பட்டு
10.10.1987

தம்பிக்கு அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பாய். நாங்கள் நலம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

போன மாதம் ரோடு மறித்தது உனக்குத் தெரியும். ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை. ரோட்டோரத்துப் புளியமரங்கள் எல்லாம் தியாகதுருகம் வரைக்கும் சாய்ந்து கிடந்தன. இரண்டாம் நாள் காலையில் விலக்கு ரோட்டுக்கு வந்தார்கள். உன் மரம்தான் நல்ல நீளம். முழு ரோட்டையும் அடைக்கும் என்று ரம்பத்தை எடுத்தார்கள். இருசம்மாள் வயிற்றுப் பிள்ளையோடு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "தைலாயி மேல கை வெச்சா மொதல்ல என்ன அறுத்துட்டு அறுங்கடா" என்று சத்தம் போட்டாள். மற்ற பெண்களும் போய்ச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்போது வெளியூரிலிருந்து வந்த பையன்கள், சாமியாவது பூதமாவது என்று அவர்களை இழுத்துப்போடப் பார்த்தார்கள். உன் மாமாதான் குறுக்கே போய் நின்றார். "இத வுட்ருங்கபா. எம்மச்சான் கைபட்ட மரம். ஒரு வருசமா அதுக்கு பாடுபட்டுக்கினு கீறான்" என்றார். விட்டுவிட்டார்கள். நீ எழுதின போலீஸ் மிரட்டலை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலேயே அவர் காப்பாற்றினார்.

மறுநாள் போலீஸ் வந்தது. அந்த மரத்தடியில் நின்ற உன் மாமாவையும் கூட இருந்தவர்களையும் அடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். உன் மாமா கடலூர் ஜெயிலில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வந்தார். வலது கை மணிக்கட்டு உடைந்திருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஏர் பிடிக்க முடியுமா என்று தெரியவில்லை. கோகிலாதான் சோறு ஊட்டுகிறாள்.

பல இடங்களில் துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னதே, மலையில் ரேடியோ இல்லையா? இத்தனை நாளாக மாமா இருக்கிறாரா செத்தாரா என்று ஒரு கார்டு எழுத உனக்குத் தோன்றவில்லை. வழியில் தபால் தவறியிருக்கும் என்று நான் உன் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பிவிட்டார்.

ராஜாம்பாள்


வெள்ளிமலை
20.10.1987

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் வந்தது. மரம் தப்பியது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாதமாக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பைகளில் சேதம் உண்டா? மேற்குப் பக்கத்துக் கிளையில் இருப்பவைதான் முக்கியம். கோகிலாவைப் பார்த்து எழுதச் சொல்.

மாமா கை பற்றி வருத்தம். எலும்புதானே, கூடிவிடும். அறிவு கூடுவதுதான் கஷ்டம்.

ஐப்பசி மழையில் துணி நைந்துபோகும். காய் வெடிக்கும்போது பை கிழிந்திருந்தால் விதை ரோட்டில்தான் கொட்டும். கார்த்திகை பிறந்ததும் வந்து அறுத்துக்கொள்கிறேன். மேனேஜர் இந்த வருஷம் விதை வராவிட்டால் இந்த வேலையையே மூடிவிடலாம் என்று மேலே எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அந்தக் காய்கள் வேண்டும்.

செழியன்


வெள்ளிமலை
24.11.1987

என் பிரியமுள்ள அக்காவுக்குத் தம்பி செழியன் வணங்கி எழுதுவது. நீ, மாமா, கோகிலா எல்லாரும் பரிபூரண சுகத்துடன் இருக்க வேண்டுகிறேன். மாமாவின் கை எப்படி இருக்கிறது? அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நான் விலக்கு ரோட்டுக்கு வந்திருந்தேன். நேரமில்லாததால் வீட்டுக்கு வர முடியவில்லை, தவறாக நினைக்காதே. ஏணியைச் சாய்த்ததும் உன் ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். இருசம்மாள் மேடிட்ட வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "செருப்புக் காலோட தைலாயி மேல ஏறுவியா? பொண்டாட்டி எங்க? ஒத்தையா வந்து அவுத்தா எங்க வேண்டுதலுங்க இன்னாத்துக்கு ஆவறது?" என்று கத்தினாள். விளக்கிப் பார்த்தேன். மாட்டுக்கு விளக்கியிருந்தால் தலையாவது ஆட்டியிருக்கும். ஏணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். கீழே நின்று பார்த்தேன், இரண்டு பை கிழிந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள்தான்.

நன்றாக யோசித்துவிட்டேன். நீ சொன்னதே சரி. எனக்குக் கோகிலாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம். அவளுக்கும் என் மேல் விருப்பம் உண்டு என்று எனக்குத் தெரியும். சொந்தத்தில் கட்டுவது பற்றி நான் எழுதியதை மறந்துவிடு, அது மரத்துக்குச் சொன்னது.

தை மாதம் வரை காத்திருக்க முடியாது. கார்த்திகையிலேயே நல்ல நாள் பார். பெரிய செலவு வேண்டாம். ஊர்க் கோயிலில் காலையில் தாலி கட்டி, மாலையைக் கழற்றாமல் அப்படியே விலக்கு ரோட்டுக்குப் போய்விடலாம். இருசம்மாள் கூட்டத்தை அன்றைக்கு அங்கே வந்து நிற்கச் சொல், பிறகு ஒருவரும் தகராறு செய்யக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் அறுத்தால் நல்லது. ஏணி நான் கொண்டு வருகிறேன்.

உன் பதிலை உடனே எதிர்பார்க்கும்
உன் தம்பி
செழியன்


மேலப்பட்டு
3.12.1987

செழியனுக்கு ராஜாம்பாள் எழுதுவது. இங்கே நலம்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு முதல் வரியைப் படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னிடமிருந்து அப்படி ஒரு கடிதம் இதுவரை வந்ததில்லை. சம்மதம் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு, ரவை இருந்தது, கேசரி கிண்டினேன். பிறகு உன் மாமாவையும் கோகிலாவையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தேன்.

படித்து முடித்ததும் உன் மாமா, "ஏணின்னு எங்கியோ வருதே, அத்த இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். படிக்கும்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. தாலி கட்டுகிற நாளுக்கு மாப்பிள்ளை கொண்டு வருகிற சீர் ஏணி. அதுவும் வெயில் ஏறுவதற்குள்.

பிறகு கோகிலா வாயைத் திறந்தாள். ஆகஸ்டு மாதமே உனக்கு எழுதினாளாம். வேண்டாம் என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கெஞ்சினாளாம். எனக்குத் தெரியாமல் எழுதினதற்காகக் கையை ஓங்கிவிட்டேன். அவள் ஒதுங்கவில்லை. "அடிம்மா, ஆனா அவரு பதிலே போடல, தெரியுமா?" என்றாள். எனக்குக் கை இறங்கிவிட்டது. அவள் விருப்பம் இல்லை என்று நேரே எழுதினதை வைத்துக்கொண்டே, அவளுக்கு உன் மேல் விருப்பம் என்று என்னிடம் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை அப்போதே எழுதியிருந்தால் நான் உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். உனக்கு மனசு இல்லாததற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. உனக்குக் காய் வேண்டும் என்றதும் மனசு வந்துவிட்டதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் பெண் ஒரு மூட்டைக் காய்க்கு ஈடு என்று நீ எப்படி நினைத்தாய்? நானும் ஆறு மாதமாக அவளை ஒரு வார்த்தை கேட்காமல் உன் காலடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் என் மேலும் கோபம் வருகிறது.

ஆனாலும் உன் விதையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உன் மாமா அதற்காகக் கை உடைத்துக்கொண்டவர். "காய்ங்க இன்னா பாவம் பண்ணுச்சி" என்று அவரே சொல்லிவிட்டார். நேற்று நானும் கோகிலாவும் ஏணியைத் தூக்கிக்கொண்டு விலக்கு ரோட்டுக்குப் போனோம். அவள்தான் ஏறினாள். எந்தக் கிளைக் காய் எந்தப் பையில் என்று கலக்காமல், நீ கட்டின எண்ணோடு அறுத்திருக்கிறாள். கிழிந்த பைகளில்கூடக் கொஞ்சம் தங்கியிருக்கிறது. வெள்ளிமலை ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள். வைத்து வளர்த்து மேனேஜர் ஆகு. கோகிலா மார்ச்சில் பரீட்சை எழுதுகிறாள். அவளுக்கு நீ கடிதம் எழுத வேண்டாம். இங்கே எங்களுக்கும் எழுத வேண்டாம்.

அவள் ஏறுவதற்கு முன் இருசம்மாள் வந்து மறித்தாள். "மாப்ள இல்லாம எப்பிடிக்கா அவுக்கறது? வேண்டுதலு நெறவேறாம அவுத்தா குத்தமாச்சே?" என்றாள். அத்தனை பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நெறவேறிடுச்சிடி," என்று சொன்னேன். "எம்பொண்ணு அவங்கிட்டேர்ந்து தப்பிச்சிக்கினா."

 இருசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வந்து, ஏணியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுப்புராயன் மனைவி
ராஜாம்பாள்